உருட்டுப் பந்தின் மேற்றோல்

‘பௌலிங்’ என்றதும் கல்லூரி மைதானத்திற் கிரிக்கெற் பந்து வீசிய கைகளே நம்மிற் பலர்க்கு நினைவில் எழும். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது அதுவன்று. அமெரிக்க நாட்டிற் பெரிதும் ஆடப்படும் பத்துக் குற்றி விளையாட்டே. 60 அடிக்கு அப்பால் முக்கோணமாக நிறுத்திய பத்து மரக்குற்றிகளை, 16 இறாத்தலுக்கு மேற்படாத பந்தொன்றை வழுவழுப்பான தடத்தில் உருட்டி வீழ்த்துதல் வேண்டும். பார்ப்பதற்கு எளிய ஆட்டம். ஆயினும், வெற்றியிற் கைக்குரிய பங்கு எவ்வளவு, பந்தின் மேற்றோலுக்குரிய பங்கு எவ்வளவு என்னும் வழக்கு ஐம்பது ஆண்டுகளாகத் தீர்ந்தபாடில்லை.

ஆதியிற் பந்துகள் மரத்தாலானவை. மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் ‘லிக்னம் வைற்றே’ என்னும் மரமே பெரிதும் விரும்பப்பட்டது. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும் அத்துணைக் கனமும் வைரமும் உடையது அது. எனினும் மரம் மரமே. அடிபட்டுச் சிராய் கழன்று, வெடித்து, நாளடைவில் உருண்டை வடிவம் கெட்டுவிடும்.

இக்குறையை நீக்க 1905 ஆம் ஆண்டில் வன் இறப்பர்ப் பந்து தோன்றியது. பிறன்சுவிக் கம்பனியார் 1914 இல் ‘மினரலைற்’ என்னும் பெயருடன் தமது பந்தை வெளியிட்டனர். இறப்பர் என்றவுடன் துள்ளும் பந்தை எண்ணுதல் கூடாது. இறப்பருடன் கந்தகத்தைச் சிறிதளவு சேர்த்துச் சூடாக்கினால் வண்டிச் சக்கரத்துக்கு உதவும் நெகிழ்பொருள் கிடைக்கும். மிகுதியாகச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கருங்காலி போன்ற வன்பொருள் கிடைக்கும். பௌதிக ஆய்வுகூடத்திற் கம்பளியில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளைக் கவரச் செய்த கரிய எபனைற்றுக் கோல் மாணவர்க்கு நினைவிருக்கும். அப்பொருளே இது. நம் நாட்டில் ஹேனரத்கொடைத் தோட்டத்தில் 1876 இல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன என்பது உண்மையே; ஆயினும் 1905 இல் உலகச் சந்தைக்கு வந்த இறப்பரிற் பெரும்பகுதி காட்டு மரங்களின் பாலே. ஆதலின் முதற் பந்துகளுக்கு நாம் உரிமை கொண்டாடுவதற்கில்லை.

மேற்றோல் ஏன் முக்கியமாகின்றது? கைதேர்ந்தவன் பந்தை நேரே செலுத்துவதில்லை. பக்கச் சுழற்சி கொடுத்து விடுகின்றான். முதலிற் பந்து எண்ணெய் பூசிய பாகத்தில் வழுக்கிச் செல்லும். எண்ணெய் குறைந்த இடத்தை அடைந்ததும் உராய்வு அதனைப் பற்ற, பந்து வளைந்து முன் குற்றிக்கும் அடுத்த குற்றிக்கும் இடையே சாய்வாகப் புகும். நேரே புகும் பந்து குற்றியில் மோதி விலகிப்போக, ஏறத்தாழ 6 பாகை சாய்ந்து புகும் பந்தோ குற்றிகளை ஒன்றன்மேலொன்றாகச் சாய்த்துவிடும். ஆகவே உராய்வை ஆள்பவனே ஆட்டத்தை ஆள்பவன். இறப்பர்க் காலத்தில் எல்லாரிடமும் இருந்தது ஏறக்குறைய ஒரே தோல்; வேறுபாடு கையிலே இருந்தது.

1960களிற் பொலியெஸ்ரர் பிளாத்திக்குப் பந்து, பல நிறங்களோடு, கரிய பந்தை மெல்லத் தள்ளிற்று. அதன் பின்னரே விந்தை நிகழ்ந்தது. டொன் மக்கூன் என்னும் ஆட்டக்காரர் பிளாத்திக்குப் பந்தை இரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து அதன் தோலை மென்மையாக்கினார். மென்றோல் தடத்தை நன்கு பற்றும். 1973 இல் அவர் ஆறு பட்டங்களை வென்று அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் தெரிவு செய்யப்பட்டார். அக்காலை அதனைத் தடுக்கும் விதி இருக்கவில்லை. பின்னரே பந்தின் வன்மைக்குக் கீழெல்லை வகுத்தனர். நாம் அவரைக் குறைகூறோம். இரசாயனம் படித்த புத்தியை மெச்சவே தோன்றுகின்றது. ஆனால், கதவு திறந்தது அன்றுதான்.

1980களின் தொடக்கத்தில் யூரெதேன் தோலும், 1990களின் தொடக்கத்தில் ‘ரியக்ரிவ் ரெசின்’ தோலும் வந்தன. பின்னையதன் மேற்பரப்பிற் கண்ணுக்குப் புலனாகா நுண்துளைகள் உண்டு. அவை தடத்தின் எண்ணெயை உறிஞ்சிவிட, பந்து தடத்தை இறுகப் பற்றும். அமெரிக்காவில் 1968–69 பருவத்தில் 300 புள்ளி பெற்ற நிறை ஆட்டங்கள் ஏறத்தாழ 900. 1998–99 இல் அவை 34,000க்கு மேல். முப்பது ஆண்டில் மனிதக் கை இவ்வளவு திருந்தியது என்று நம்புவார் யாருமிலர். தடங்களும் அவற்றுக்கு எண்ணெயிடும் முறையும் மாறின என்பது மெய்யே. எனினும் தோலின் பங்கு சிறிதன்று. 2022 இலும் வன்மை போதாதெனக் கண்ட சில பந்துகளை அந்நாட்டுச் சங்கம் தன் தேசியப் போட்டிகளினின்று விலக்கிற்று.

பழைய இறப்பர்ப் பந்து இன்று எங்கேனும் கிடைப்பின், அதனை அறிதல் எளிது. நிறம் கருமை, பெருவிரலுக்கும் மற்றொரு விரலுக்குமாக இரண்டே துளைகள் இருத்தலும் கூடும். வெயிலில் நெடுநாட் கிடந்ததாயிற் கருமை கபிலமாக மாறி, தேய்க்குங்கால் கந்தக வாடை வீசும். பழைய எபனைற்று ஊற்றுப்பேனாவிற் காணும் மாற்றமும் இதுவே. துளையோரத்தில் வெடிப்பு உளதா எனப் பார்த்து, ஒளிபடாத இடத்தில் வைத்தல் நன்று.