மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி மட்டும் போதுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

பூந்தொட்டி, கொல்லைப்புறம், வயல் வரப்பு என மழை பெய்தாலே தானாக முளைக்கும் செடி கீழாநெல்லி. இலைகளுக்குக் கீழே குட்டிக் குட்டி நெல்லிக்காய் மாதிரி காய்கள் வரிசையாக இருப்பதால்தான் இந்தப் பெயர். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளானால், "கீழாநெல்லி அரைச்சுக் குடுங்க, சரியாயிடும்" என்பார்கள். ஆனால் அது மட்டும் போதுமா?

எப்படி சாப்பிடுகிறார்கள்?

செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, விழுதாக அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். கூடவே எண்ணெய், காரம் சேர்க்காத பத்தியச் சாப்பாடு.

சென்னையில் நடந்த ஆய்வு

சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினரின் ஆய்வு, 1988-ல் லான்செட் இதழில் வெளியானது. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்கு 30 நாட்கள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில், 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத போலிப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. ஆனால், பிறகு மற்ற நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்தப் பலன் கிடைக்கவில்லை.

அப்போ பலருக்கும் குணமானது எப்படி?

மஞ்சள் காமாலை என்பது தனி நோய் இல்லை; அறிகுறி. ரத்தத்தில் பிலிருபின் கூடும்போது கண், தோல், சிறுநீர் மஞ்சளாகிறது. அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ, பெரும்பாலும் ஓய்வெடுத்தாலே சில வாரங்களில் சரியாகிவிடும். அந்த நேரத்தில் கீழாநெல்லி குடித்திருந்தால், பெயர் அதற்குப் போய்விடுகிறது.

எப்போது ஆபத்து?

பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தாலும் கண் மஞ்சளாகும். அந்தக் கல்லை எந்த மூலிகையும் எடுக்காது. மது, சில மாத்திரைகளால் வரும் கல்லீரல் பாதிப்புக்கும் தனித்தனி சிகிச்சை உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழப்பமான பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என்ன செய்யலாம்?

கண் மஞ்சளாகத் தெரிந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை. காரணம் தெரிந்த பிறகு, கீழாநெல்லி சாப்பிட விரும்பினால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்க. பத்தியம் முடியட்டும் என்று காத்திருக்கும் நாட்கள்தான் பல நேரங்களில் ஆபத்தாகிறது.