தளவிளைவு வடிகட்டி: கலைச்சொல்லும் கைப்பழக்கமும்

கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருக்கும் ஓர் ஓலைச்சுவடியைப் படம் எடுக்கிறோம் எனக் கொள்வோம். பின்னர்க் கணினித் திரையில் விரித்துப் பார்க்கையில், மூன்றாம் வரியின் நடுவே கூரைவிளக்கின் வெண்மை படிந்து நான்கைந்து எழுத்துகள் மறைந்திருக்கின்றன. இக்கால மென்பொருள்கள் நிறத்தைக் கூட்டும், இருளை விலக்கும், கோணலை நிமிர்த்தும். ஆயினும் பதிவாகாத எழுத்தை அவற்றால் மீட்டுத் தர இயலாது. செயற்கை நுண்ணறிவு அவ்விடத்தை நிரப்பித் தரலாம். ஆனால் அது ஊகமேயன்றிச் சுவடியின் பாடமன்று. ஆகவே, அவ்வெண்மையைப் படம் எடுக்கும் பொழுதே நீக்க வேண்டும். அதற்கு உதவும் சிறு கருவிதான் வில்லையின் முன் திருகிப் பொருத்தும் தளவிளைவு வடிகட்டி. கடைக்காரர் இதனைப் 'போலரைசர்' என்பார்.

பெயரைச் சற்று ஆராய்வது பயன் தரும். 1808இல் பிரெஞ்சு நாட்டறிஞர் எத்தியேன் லூயி மாலுஸ், பாரிசின் லக்சம்பூர் அரண்மனைச் சாளரங்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை ஒரு கால்சைட்டுப் படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது அதில் தெரிந்த இரட்டை உருவங்களின் ஒளி மாறி மாறிக் கூடியும் குறைந்தும் தோன்றியது. ஒளி நுண்துகள்களால் ஆனது எனக் கருதிய அவர், காந்தத்திற்கு இருப்பதுபோல் அத்துகள்களுக்கும் முனைகள் உண்டு என எண்ணி, 1811இல் முனையை அடியாகக் கொண்ட ஒரு பெயரைச் சூட்டினார். பின்னர் பிரெனெல் போன்றோர் ஒளியைக் குறுக்கலையாக நிறுவியதும் முனைகள் மறைந்தன. பெயர் மட்டும் நிலைத்தது.

தமிழில் 'முனைவாக்கம்' என்னும் சொல் அப்பழைய கருத்தை அப்படியே சுமக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் 'தளவிளைவு' நிகழ்வதையே சொல்கிறது. இயல்பான ஒளி, தான் செல்லும் திசைக்குச் செங்குத்தாக எல்லாப் பக்கமும் அதிர்கிறது. கண்ணாடியிலோ நீரிலோ சாய்வாகப் பட்டுத் தெறிக்கும்போது, அவ்வதிர்வு பெரும்பாலும் ஒரே தளத்திற்குள் ஒடுங்கிவிடுகிறது. வடிகட்டி ஒரு தளத்து அதிர்வை மட்டுமே உள்ளே விடும். அதனைச் சுழற்றித் தெறிப்பொளியின் தளத்திற்குக் குறுக்காக நிறுத்தினால், தெறிப்பு அடங்கி உள்ளிருக்கும் பொருள் துலங்கும். 'தளம்' என்னும் சொல்லை மனத்தில் கொண்டவர்க்கு, ஏன் சுழற்ற வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். நாம் இச்சொல்லை விரும்புவதற்கு அதுவே காரணம்.

ஒரே இடத்தில் அச்சொல் இடறுகிறது. சந்தையில் கிடைக்கும் வடிகட்டிகளில் பெரும்பாலானவை 'சி.பி.எல்.' எனக் குறிக்கப்பட்டவை. அதிலுள்ள 'வட்டம்' சட்டகத்தின் வடிவத்தைக் குறிப்பதன்று. வடிகட்டியின் பின்புறத் தகடு ஒன்று, ஒரு தளத்தில் அமைந்த அதிர்வைச் சுழலும் அதிர்வாக மாற்றி அனுப்புகிறது. ஆடி பொருத்திய கருவிகளில் ஒளியளவும் குவியமும் பிழைபடாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. சுழல்வதைத் 'தளம்' என்று எப்படிச் சொல்வது? இதற்கு மட்டும் 'முனைவாக்கம்' என்பாருக்கே வாதம் வலுக்கிறது.

கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று வடிகட்டியைச் சுழற்றிவிட்டு, பயனில்லை என்போர் பலர். நேராகத் தெறிக்கும் ஒளியில் தளவிளைவு இல்லை. கண்ணாடிப் பரப்பிற்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறத்தாழ 56 பாகை சாய்வில் அது முழுமை பெறும். நீருக்கு 53 பாகை. அவ்வளவு சாய்ந்தால் எழுத்து நசுங்கித் தோன்றும். 40 பாகையளவில் நின்றாலே தெறிப்பின் பெரும்பகுதி நீங்கிவிடும். எஞ்சும் கோணலை மென்பொருள் நிமிர்த்தட்டும். அஃது அதனால் இயலும் வேலை. பித்தளை விளக்கின் மினுக்கத்தையோ பொற்கலசத்தின் பளபளப்பையோ இவ்வடிகட்டி அகற்றாது. உலோகத் தெறிப்பு அவ்வாறு ஒரு தளத்தில் ஒடுங்குவதில்லை.

வானத்தைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. சூரியனிலிருந்து 90 பாகை விலகிய வான்பகுதியே வடிகட்டியால் மிகவும் கருநீலமாகும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் நாட்டில், மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் உச்சியில் நிற்கும் பிற்பகல் 1 மணியளவில், அப்பகுதி அடிவானத்தைச் சுற்றிப் படுத்திருக்கும். அங்கோ நீராவியும் புகைமூட்டமும் மிகுதி. ஆகவே பயன் குறைவு. காலையிலும் மாலையிலும் அது வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கு வரை வளைந்திருக்கும். வடக்கையோ தெற்கையோ நோக்கி எடுத்தால் நீலம் செறியும். அகன்ற பார்வை கொண்ட வில்லையில், வானின் ஒரு பகுதி மட்டும் கறுத்துத் திட்டாய்த் தெரியும். மழைக்குப்பின் இலைகளின் மினுக்கம் நீங்கிப் பச்சை தெளிவது, நம் ஊர்க்காரருக்கு இவ்வடிகட்டி தரும் சிறந்த பயன். ஒளி பாதியாகவோ காற்பங்காகவோ குறையும் என்பதால், கை நடுங்காது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீண்டும் சுவடிக்கு வருவோம். எண்ணெய் பூசிய ஓலை தானே மினுங்கும். பேழையிலிருந்து வெளியே எடுக்க இசைவு இருப்பின், விளக்கின் முன் ஒரு தளவிளைவுத் தாளையும் வில்லையின் முன் வடிகட்டியையும் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால், மினுக்கம் முற்றிலும் அடங்கி மைபூசிய எழுத்து கருமையாய் எழும். மை அழிந்து கீறல் மட்டுமே எஞ்சிய ஓலைக்கு இம்முறை ஆகாது. அங்குக் கீறலின் விளிம்பில் படும் மினுக்கமும் பக்கவாட்டு ஒளியின் நிழலுமே எழுத்தைக் காட்டுகின்றன. கல்வெட்டுக்கும் அவ்வாறே. எனவே ஒவ்வோர் ஏட்டையும் வடிகட்டியுடன் ஒரு முறையும் அஃதின்றி ஒரு முறையும் எடுத்து, எது எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைக் கோப்பின் பெயரிலேயே குறித்து வைத்தல் வேண்டும்.