மாமனாரின் பேனா

என் மாமனார் கணக்கெழுதிய பெலிகன் பேனா பன்னிரண்டு வருஷமாக பீரோவிலேயே கிடந்தது. போன மாசம் மாமியார் அதை எடுத்து வந்து, "இது எழுதுமா பாரும்மா. பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு லக்னப் பத்திரிகையை இதாலதான் எழுதணும்" என்றார். எனக்குப் பயம்தான். கல்யாணமான புதிதில் என் அப்பா கொடுத்த பேனாவைக் கொதிக்கிற வெந்நீரில் போட்டுவிட்டேன். அது கோணிப்போய், மூடியே சேரவில்லை. அந்தத் தப்பை இன்னொரு தரம் செய்யலாமா?

இது சொட்டுச் சொட்டாக மை ஊற்றுகிற பேனா இல்லை. பின்பக்கத் திருகைத் திருப்பினால், ஊசி போடும் சிரிஞ்சு மாதிரி உள்ளே பிஸ்டன் ஏறி மையை உறிஞ்சும். பெலிகன் கம்பெனி ஜெர்மனியில் 1929லேயே இந்த வகையைக் கொண்டுவந்துவிட்டது.

என் பிள்ளை குறடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்! விரட்டினேன். காய்ந்த மை பசை மாதிரி பிடித்திருக்கும். அதோடு திருகினால் ஏதாவது ஒடியும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் நிப்பு முங்கும்படி ராத்திரி முழுக்க நிறுத்தி வைத்தேன். காலையில் தண்ணீர் கருநீலமாக இருந்தது. அப்புறம்தான் திருகு மெதுவாக அசைந்தது. தண்ணீரை உறிஞ்சுவதும் வெளியே விடுவதுமாக, தெளிகிற வரை செய்தேன். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டும் ஒரு தரம் அலசலாம். பிறகு நல்ல தண்ணீர்.

பெலிகனில் நிப்பைக் கழற்றுவது சுலபம். நிப்பையும் அதன் அடியில் உள்ள கறுப்பு நாக்கையும் சேர்த்துப் பிடித்து, இடப்பக்கமாகத் திருப்பினால் மொத்தமாக வந்துவிடும். நிப்பை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள், வளைந்துவிடும். எல்லா கம்பெனிப் பேனாவும் இப்படிக் கழலாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கத் திருகைப் பிடுங்கும் வேலை மட்டும் வேண்டாம். அது ரிப்பேர்க்காரர் கையில்தான்.

பிஸ்டன் இன்னும் இறுக்கமாக இருந்தது. பேனாக் கடையில் கிடைக்கும் சிலிகான் கிரீஸைப் பல்குத்தும் குச்சி நுனியில் கடுகளவு எடுத்து, உள்சுவரில் தடவினேன். வெண்ணெய் போல ஓடியது. தேங்காயெண்ணெய், வாஸலைன் எல்லாம் கூடாது. வாஸலைன் ரப்பரைக் கெடுத்துவிடும்.

புது மை போட்டதும் மாமியாரிடம்தான் முதலில் கொடுத்தேன். பிள்ளையார் சுழி போட்டு, வாயால் ஒருநாளும் சொல்லாத மாமனார் பேரை எழுதினார்.

இனி மாசம் ஒரு தரம் தண்ணீரில் அலசணும். படம் வரைகிற இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது, அடைத்துக்கொள்ளும். ரொம்ப நாள் எழுதப் போவதில்லை என்றால் மையை வடித்துக் கழுவி, பழைய பருத்தித் துணியில் ஒற்றி உலர்த்தி வையுங்கள். எங்கள் பேனா இப்போதைக்கு மாமியாரின் தலைமாட்டில் இருக்கிறது.