காலில் நெருப்பு, தலையில் கணக்கு

ஆஸ்ட்ரோ பாய் பறக்க இறக்கை வேண்டாம். உள்ளங்காலில் நெருப்பு பீறிடும். அடுத்த நொடி மேகத்துக்கு மேலே இருப்பான். ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகா 1952-இல் சித்திரக்கதையாகப் படைத்த இந்த இயந்திரச் சிறுவன், 1963-இல் தொலைக்காட்சித் தொடராகவும் 2009-இல் கணினி அனிமேஷன் படமாகவும் வந்தான். தெசுகா அவனுக்குத் தந்த வலு ஒரு லட்சம் குதிரைத்திறன். அதைவிடப் பெரிய சாகசம் ஒன்றையும் அவன் செய்கிறான்: பறக்கும்போது கவிழ்வதே இல்லை. அது எவ்வளவு கடினம் என்பதை சிவகாசி ராக்கெட் ஒன்றே சொல்லிவிடும்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் தயாராகும் அந்தக் காகிதக் குழாய்க்குள் இருப்பது கருமருந்து. கரித்தூளும் கந்தகமும் எரிபொருள். எரிவதற்கான ஆக்சிஜனைத் தருவது வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட். வெளிக்காற்றை எதிர்பார்க்காத நெருப்பு இது!

மருந்தின் நடுவே ஒரு குழிவு விட்டிருப்பார்கள். அதனால் தீ உட்சுவர் முழுவதையும் ஒரே நேரத்தில் பற்றுகிறது. நொடிப்பொழுதில் ஏராளமான வாயு பிறக்கிறது. அடியிலுள்ள குறுகிய வாய் வழியாக அது சீறிப் பாய, எதிர்த்திசையில் ராக்கெட் எழும்புகிறது. இந்த எதிர்த்தள்ளலுக்கு உந்துவிசை என்று பெயர்.

அடுத்த அற்புதம், வெறும் பிடிமானம் என்று நாம் நினைக்கும் குச்சி. ராக்கெட் சாய்ந்தால், எதிர்க்காற்று அந்த நீண்ட வாலைத் தள்ளி நேர்க்கோட்டுக்குக் கொண்டுவரும். கூடவே மூக்கும் திரும்பிவிடும். ஆனால் காற்று வேகமாக மோதினால்தான் இந்த வித்தை பலிக்கும். புறப்படும் கணத்தில் வேகம் இல்லை. பாட்டிலில் நிறுத்திக் கொளுத்துவது அதற்காகத்தான்: வேகம் பிடிக்கும்வரை பாட்டிலின் கழுத்தே வழிகாட்டி.

குச்சிக்குப் பதிலாக, இயந்திரத்தைத் தலைப்பக்கம் வைத்தால் உடல் ஊசல்போலத் தொங்கி நேராக நிற்காதா? 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவிய ராபர்ட் கோடார்டும் அப்படித்தான் எண்ணினார். அது பலிக்கவில்லை. ராக்கெட் சாய்ந்தால் உந்துவிசையின் திசையும் கூடவே சாய்ந்துவிடுகிறது. நிமிர்த்த எதுவும் மிஞ்சுவதில்லை.

ஆஸ்ட்ரோ பாயோ அந்தரத்தில் அசையாமல் நின்று பேசுகிறவன். எதிர்க்காற்றே இல்லாதபோது வால் இருந்தும் பயனில்லை. துடைப்பத்தைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தும் சிறுமி, அது சாயும் பக்கமெல்லாம் கையை நகர்த்துவதுபோல, அவனும் ஒவ்வொரு கணமும் நெருப்பின் திசையைத் திருத்தியாக வேண்டும். சாய்வை உணர ஜைரோஸ்கோப் எனப்படும் சுழல்காட்டி. திருத்தத்தைக் கணக்கிட ஒரு கணினி. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் இயந்திரம் இப்படித்தான் தன் வாயைத் திருப்பித் திருப்பி வழிபிடிக்கிறது. விகாஸ் இயந்திரங்கள் சோதிக்கப்படும் மகேந்திரகிரி, சிவகாசிக்குத் தெற்கே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

இந்தக் கணக்கோடு ஓர் இயந்திரச் சிறுவன் உண்மையிலேயே பறந்துவிட்டான்! இத்தாலியின் ஜெனோவாவில் உருவான அயர்ன்கப் ரோபோவுக்குக் குழந்தை முகம். கைகளில் இரண்டு, முதுகில் இரண்டு என நான்கு ஜெட் இயந்திரங்கள். எடை சுமார் 70 கிலோ. உந்துவிசையோ 100 கிலோ மூட்டையையும் தூக்கும். வெளியேறும் வாயு அலுமினியத்தை உருக்கும் சூடு, ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸ். 2025-இல் வெளியான சோதனையில் அது எழும்பிய உயரம் சுமார் 50 சென்டிமீட்டர், ஒரு முழத்துக்குச் சற்றே அதிகம்.

ஒரு முழம்தானா என்று கேட்கத் தோன்றும். கையை அசைத்தால் அதிலுள்ள ஜெட்டின் திசை மாறும். உடலின் எடைமையமும் நகரும். ஜெட் இயந்திரமோ கட்டளைக்கு உடனே கீழ்ப்படியாது. இத்தனையையும் முன்கூட்டியே கணித்து, தவறாமல் ஈடுகட்டினால்தான் அந்த ஒரு முழம் கிடைக்கும். வெள்ளம் சாலைகளை அடித்துச் சென்ற இடங்களுக்குப் பறந்துபோய், இறங்கி நடந்து, கையால் கதவைத் திறந்து உதவும் ரோபோவே இந்த ஆய்வின் இலக்கு. ஒரு லட்சம் குதிரைத்திறன் கிடைத்தாலும், நேராக நிற்கத் தெரிந்த பிறகுதான் யாரையும் காப்பாற்றப் புறப்பட முடியும்.