என் மகள் விடும் விமானம்!

குரங்கணி என்று சொன்னால் பலருக்கும் 2018-ம் வருஷம் மார்ச் 11-ம் தேதி நடந்த காட்டுத் தீதான் நினைவுக்கு வரும். மலையேற வந்தவர்களில் 20 பேருக்கு மேல் அந்தத் தீயில் போய்விட்டார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் இளம் பெண்கள். அன்று ராத்திரி எங்கள் ஊர் ஆம்பளைகள் டார்ச் லைட்டும் போர்வையுமாக மேலே ஏறினார்கள். என் கணவரும் போனார். திரும்பி வந்து நாலு நாள் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்தது விளையாட்டு விமானம் விடுவதைப் பற்றி. எங்கள் ஊரில் அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தத் தீயைத் தாண்டித்தான் பேச வேண்டும்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். என் தம்பி சென்னையில் டிப்ளமா படித்தபோது அவனுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஒரு பொங்கல் லீவுக்கு வந்தவன் தெர்மோகோல் அட்டையில் ஒரு விமானம் செய்து கையால் வீசிக் காட்டினான். ஓடைக்கு அந்தப் பக்கம் போய் இறங்கியது. எடுத்து வர ஓடியது என் மகன் இல்லை, மகள்தான். அன்றைக்கு ஆரம்பித்தது.

என் மாமியார் சும்மா இருப்பாரா? "ஏத்தா, பொட்டப்புள்ளைக்கு எதுக்கு ஏரோப்ளேனு? நாளைக்குப் போற வீட்டுல பறந்துக்கிட்டா இருக்கப் போறா?" என்றார். நான் பதில் பேசவில்லை. வீட்டில் பெரியவர்களோடு வாதாடி ஜெயித்த மருமகள் யாராவது உண்டா, சொல்லுங்கள் பார்க்கலாம்!

என் தம்பி கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தை மகள் எனக்கு வாசித்துக் காட்டுவாள். அதில்தான் தெரிந்தது, இந்த விளையாட்டுக்கு வயது 150 வருஷத்துக்கு மேல். 1871-ல் பாரிஸில் பெனோ என்பவர் ரப்பர் பேண்டை முறுக்கி ஒரு குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். 11 விநாடி பறந்ததாம். அவருடைய யோசனையில் செய்த ஒரு பொம்மையைத்தான் 1878-ல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தார். அது உடைந்ததும் பிள்ளைகள் தாங்களே அதேபோல் செய்து பார்த்தார்கள். 25 வருஷம் கழித்து, 1903 டிசம்பர் 17-ல் நிஜ விமானமே பறந்துவிட்டது. முதல் தடவை 12 விநாடிதான்.

எனக்குப் பிடித்தது வேறு விஷயம். அந்தப் பிள்ளைகளின் அம்மா சூசன் கைவேலையில் கெட்டிக்காரராம். வீட்டுக்கு வேண்டிய சாமான்களையும் பிள்ளைகளுக்குப் பொம்மைகளையும் அவரே செய்வாராம். ஏதாவது செய்யத் தெரியாவிட்டால் பிள்ளைகள் அம்மாவிடம்தான் போவார்களாம். மகன்கள் பறந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1889-லேயே இறந்துவிட்டார். 1902-ல் கிளைடருக்கான துணியை மூத்தவர் வில்பர் தையல் மெஷினில் உட்கார்ந்து தானே தைத்தாராம். ஆம்பளை தைத்துப் பறந்திருக்கும்போது பொம்பளை விமானம் செய்தால் என்ன? இதை நான் அத்தையிடம் சொன்னேன். "அவுக வெள்ளைக்காரவுக" என்று முடித்துவிட்டார்.

ஆனால் அத்தையை மாற்றியதும் ஒரு வெள்ளைக்காரன் கதைதான். எங்களுக்கு மேலே இருக்கிற மலை முகட்டுக்கு டாப் ஸ்டேஷன் என்று பேர். அது ரயில் ஸ்டேஷன் பேர். மூணாறு பக்கத்துத் தேயிலையை 1902-ல் ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் சின்ன ரயிலிலும் அங்கே கொண்டு வருவார்கள். அங்கிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கவிட்டு, அந்தரத்திலேயே கொட்டகுடிக்கு இறக்குவார்கள். பிறகு மாட்டு வண்டியில் போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில் ரயில் அழிந்துவிட்டது. டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பேர் மட்டும் மிச்சம். அத்தையின் தாத்தா சுமை தூக்கியவர். அவர் சொல்லிக் கேட்ட கதையை அத்தை பேத்திக்குச் சொன்னார். பேத்தி கேட்ட கேள்விகள் இருக்கே... கயிறு எவ்வளவு தடிமன், காற்றடித்தால் பெட்டி ஆடாதா, யார் இழுப்பார்கள்! தன் கதையை இவ்வளவு அக்கறையாகக் கேட்ட ஒரே ஆள் என்பதால் அத்தை கொஞ்சம் இளகினார். இப்போது மீன்காரர் போட்டுவிட்டுப் போகும் தெர்மோகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைப்பதே அத்தைதான்.

செய்கிற விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தெர்மோகோலுக்கு ஃபெவிகால் போடலாம், காயக் காத்திருக்க வேண்டும். அவசரத்துக்கு ஃபெவிக்விக் போட்டால் அது தெர்மோகோலையே தின்றுவிடும். சிறகுக்கு நடுவே ஒரு மூங்கில் குச்சி கொடுத்து, மேலே அகல டேப் ஒட்டினால் வளையாது. இரண்டு சிறகும் பக்கவாட்டில் லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும், அப்போதுதான் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானே நிமிரும். முக்கியம் கனம். சிறகின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கினால், மூக்கு ஒரு சிட்டிகை கீழே சாய வேண்டும். வால் கனத்தால் மேலே எம்பி, ஒரு நிமிஷம் நின்று, தலைகுப்புற விழும். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம் சுமந்து பழகியவர்களுக்கு இதைப் புரிய வைக்கவே வேண்டாம். மூக்குக்குக் கனம் போதாவிட்டால் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டுவோம். தெர்மோகோல் தூளைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், பறந்து வீடெல்லாம் ஒட்டும். ஈரத்துணிதான்.

கையால் வீசுவது சலித்துப்போய் ரிமோட் விமானம் கேட்டாள். மோட்டார், ஸ்பீடு கன்ட்ரோலர், சர்வோ, பேட்டரி, சார்ஜர், ரிமோட் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும் என்று தம்பி கணக்குப் போட்டுக் கொடுத்தான். பணத்தைக்கூட மகளிர் குழுவில் வாங்கிச் சமாளித்திருப்பேன். சிக்கல் பேட்டரியில் வந்தது. இந்த விமானங்களில் லித்தியம் பாலிமர் பேட்டரி போடுகிறார்கள். எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் விழுந்து நசுங்கினாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ உப்பும், புகையும், தானாகவே பற்றி எரியும். தம்பியின் நண்பர் ஒருவர் விமானம் மைதானத்தில் குப்புற விழுந்து பேட்டரி புகைந்ததை அவனே சொன்னான்.

என் கணவர் ஜீப் ஓட்டுகிறவர். சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும், "மாசி, பங்குனியில் இந்தப் புல்லு எப்படிக் காயும்னு உனக்குத் தெரியாதா? ஒரு பீடித் துண்டு போதும். இந்த மலையில பேட்டரி விமானம் கிடையாது" என்று ஒரே பேச்சாக முடித்தார். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் தீயைக் கண்ணால் பார்த்தவர் சொல்வதற்கு எதிராகப் பேச எனக்கு வாய் வரவில்லை, சரி என்றும் தோன்றவில்லை.

வழி காட்டியது பருந்து. துணி காயப்போடும்போது பார்ப்பேன், பத்து பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் பருந்துகள் சரிவுக்கு மேலே வந்து, சிறகை ஒரு தடவைகூட அடிக்காமல் வட்டம் போட்டு உயரும். "அதுக்கு என்ன மோட்டாரா இருக்கு?" என்று மகளிடம் கேட்டேன். மாமாவுக்கு போன் போட்டாள். ஆமாம், அதுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, மலைச் சரிவில் மோதி மேலே எழும்புகிற காற்றிலேயே மோட்டார் இல்லாமல் மிதக்கும் கிளைடர் என்றான். ரிமோட் உண்டு, ஆனால் திருப்புவதற்கும் ஏற்றி இறக்குவதற்கும் இரண்டு குட்டி சர்வோ மட்டும். அவற்றுக்குக் கடிகாரத்தில் போடுகிற சைஸில் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் நாலு போதும். அது அந்த லித்தியம் மாதிரி நசுங்கினால் பற்றுகிற ஜாதி இல்லை. ஏலக்காய்த் தராசில் வைத்துப் பார்த்தோம், எல்லாம் சேர்த்து 230 கிராம்.

கணவர் அப்போதும் உடனே தலையாட்டவில்லை. செல்லைக் கையில் வாங்கிப் பார்த்தார், தம்பியிடம் தனியாகப் பேசினார். பிறகு மூன்று நிபந்தனை போட்டார். மாசி முதல் சித்திரை வரை எதுவும் கிடையாது. காப்புக்காட்டுப் பக்கமே போகக்கூடாது, சொந்தக்காரர் மாந்தோப்பை ஒட்டிய பட்டா சரிவில்தான் விட வேண்டும். மூன்றாவது, கூட நான் இருக்க வேண்டும். கிளைடரை வீசி விடுகிற ஆள் நான் ஆனது அப்படித்தான்!

எங்கள் ஊர் மலையின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஆடிக் காற்று எங்களுக்கு ஆகாது. மேற்கிலிருந்து முகட்டைத் தாண்டி மேலிருந்து கீழே விழுகிற காற்று அது, விமானத்தைத் தரையில் அறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றுத் திசை சரி, ஆனால் மழை. தை மாதம்தான் தோது. வானம் வெளுத்து, கிழக்கிலிருந்து மெல்லிய காற்று சரிவில் ஏறி வரும். சாயங்காலம் மலைக்காற்று கீழே இறங்க ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். இத்தனை வருஷம் இந்தக் காற்றில் துணி காயப்போட்டிருக்கிறேன், எந்த மணிக்கு எந்தத் திசை என்று இப்போதுதான் கவனிக்கிறேன்.

போன தையில் ஒரு நாள் நான் வீசியது கீழே இறங்கவே இல்லை. சரிவின் விளிம்போடு போய், திரும்பி, எங்கள் தலைக்கு மேலே வந்தது. மகள் வாயைத் திறக்கவில்லை, இரண்டு கட்டை விரலும் ரிமோட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. கணவர் செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு நிமிஷம் பத்து விநாடி! ஒரு பருந்துகூட என்னவென்று பார்க்க வந்துவிட்டுப் போனது. இறக்கும்போது மாமரத்தில் மாட்டியது, அது வேறு கதை.

சமவெளியில் இருப்பவர்கள் பேட்டரி விமானம் வாங்கிக் கொடுத்தால் ஒன்று செய்யுங்கள். ராத்திரி சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க விடாதீர்கள். கட்டில், மெத்தை, சமையல்கட்டு பக்கம் வேண்டாம். வாசலில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது போடச் சொல்லுங்கள். உப்பிய பேட்டரியைப் பார்த்தால் இரக்கமே படாமல் ஒதுக்கிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். மின்கம்பி இருக்கிற இடத்தில் விடவே கூடாது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை, ஓட்டுவதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக விமான நிலையத்துக்குப் பக்கத்திலும் தடை செய்த இடங்களிலும் விட முடியாது. பெரிசாக வாங்குகிறவர்கள் விதியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று குழுவில் ஒரு அக்கா கேட்டார். நடிகர் அஜித்குமாருக்கு இதுதான் பொழுதுபோக்கு. சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு போட்டியில் அந்தக் குழு இரண்டாவது இடம் வாங்கியது. எட்டாத இடத்தில் இருக்கிற நோயாளியின் ரத்த மாதிரியை ஆளில்லா விமானத்தில் எடுத்து வர வேண்டும், இதுதான் போட்டி. இதைச் சொன்னதும் அந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. மேலே இருக்கிற குடியிருப்பிலிருந்து அவருடைய அண்ணியைப் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் இறக்கினார்கள். எம்.ஐ.டி.யில்தான் அப்துல் கலாமும் விமானப் படிப்பு படித்தார். ராமேஸ்வரத்தில் ஐந்தாம் வகுப்பில் சிவசுப்ரமணிய ஐயர் என்ற வாத்தியார் கரும்பலகையில் பறவையை வரைந்து காட்டி, புரியவில்லை என்றதும் கடற்கரைக்கே கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினாராம். அவர் ஆசை அங்கே ஆரம்பித்தது என்று கலாம் எழுதியிருக்கிறார்.

என்.சி.சி. விமானப் பிரிவில் பெண் பிள்ளைகளுக்கும் மாதிரி விமானம் செய்யவும் பறக்கவிடவும் கற்றுக் கொடுக்கிறார்கள், அகில இந்திய முகாமில் போட்டியும் உண்டு. இவள் பள்ளியில் அந்தப் பிரிவு இல்லை. பத்தாவது முடிந்ததும் அது உள்ள ஊரில் சேர்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஹாஸ்டலில் விட வேண்டும். அந்தப் பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை.

இப்போதைக்கு அவளுக்குத் தெர்மோகோல் சலித்துவிட்டது, மரத்தில் செய்ய வேண்டுமாம். வெளிநாட்டில் பால்சா என்ற லேசான மரத்தில் செய்கிறார்கள். அது தென் அமெரிக்க மரம், நம்ம இலவ மரத்துக்குப் பங்காளி. போடிப் பக்கம் இலவுக்கா பஞ்சம்! பால்சாவை விடக் கனம்தான், இருந்தாலும் பார்ப்போம் என்று காய்ந்த கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு தச்சரிடம் போனோம். "எவ்வளவு மெல்லிசாம்மா அறுக்கணும்?" என்று கேட்டார். இவள் இரண்டு மில்லிமீட்டர் என்றாள். அவர் என்னைப் பார்த்தார். "தோசை கனத்துக்குண்ணே, முறுகல் தோசை" என்றேன். வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

- ஒரு வாசகி, குரங்கணி