ஆற்றைக் காப்பவரை யார் தேர்ந்தெடுப்பது?

நம் கெர்லிங் ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிப்பது அந்த ஆற்று நீரைத்தான். 2020 செப்டம்பரில் ரவாங்கில் கோங் ஆற்றில் கழிவு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது.

தொழில்களுக்கு உரிமம் தருவதும் கால்வாய்களைக் கவனிப்பதும் ஊராட்சி மன்றத்தின் வேலை. ஆனால், அதன் உறுப்பினர்களுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது. இன்று மாநில அரசே உறுப்பினர்களை நியமிக்கிறது. அந்த அரசைத் தீர்மானிப்பது நம் சட்டமன்ற ஓட்டு. 2021 டிசம்பர் முதல் 18 வயதிலேயே அந்த உரிமை நமக்கு உண்டு.

அடுத்த தேர்தலில் வேட்பாளர் தோட்டத்துக்கு வந்தால், இலவசத் தண்ணீரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். "ஆற்றோரத் தொழிற்சாலைகளை யார் சோதிக்கிறார்கள்? எத்தனை முறை?" என்றும் கேளுங்கள்.