மூட்டைப்பூச்சி

மூட்டைப்பூச்சி என்பது மனிதரின் குருதியை உறிஞ்சி வாழும் சிறகற்ற சிறு பூச்சி ஆகும். இது சிமிசிடே குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தில் மனிதரை நாடி வாழ்பவை முதன்மையாக இரண்டு இனங்கள். மிதவெப்ப நாடுகளில் சைமெக்ஸ் லெக்டுலாரியஸ் என்னும் இனமும், தமிழ்நாடு, இலங்கை போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் சைமெக்ஸ் ஹெமிப்டிரஸ் என்னும் இனமும் பரவலாகக் காணப்படுகின்றன.

முதிர்ந்த பூச்சி ஏறக்குறைய 5 முதல் 7 மி.மீ. நீளமும் தட்டையான உடலும் செம்பழுப்பு நிறமும் உடையது. பகலில் மெத்தையின் தையல் மடிப்பு, கட்டிலின் பொருத்துவாய், சுவர் வெடிப்பு ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். இரவில், உறங்குவோரின் உடல் வெப்பத்தையும் மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவையும் உணர்ந்து வெளிவரும். 5 முதல் 10 நிமிடங்களில் வயிறு நிறையக் குடித்துவிட்டு மறைவிடம் திரும்பிவிடும். உணவின்றிப் பல மாதங்கள் உயிர்வாழக் கூடியது என்பதால், பூட்டிக் கிடந்த வீட்டில் மூட்டைப்பூச்சி இராது என்று எண்ணுவது தவறு.

உரித்த சட்டைகள்

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி முதிர்ச்சி அடைவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கிறது. ஒவ்வொரு முறையும் உரிப்பதற்கு முன் ஒருமுறையேனும் குருதி குடித்தாக வேண்டும். எனவே முதிர்ந்த பூச்சி ஒவ்வொன்றும் ஐந்து வெற்றுச் சட்டைகளை விட்டு வந்திருக்கும். பாம்புச் சட்டையைப் போலவே இவையும் உயிரியின் வடிவத்தை அப்படியே காட்டும். வெளிர் பழுப்பு நிறத்தில் ஒளி ஊடுருவுமாறு இருக்கும். இவற்றைச் செத்த பூச்சிகள் என எண்ணித் தொல்லை தீர்ந்ததாகக் கருதுவோர் உண்டு. உண்மையில் இவை, அங்கே பூச்சிகள் குருதி குடித்து வளர்ந்திருக்கின்றன என்பதற்கான சான்று.

இச்சட்டைகள் வெறும் குப்பையும் அல்ல. அவற்றில் தங்கியுள்ள மணப்பொருட்கள் பிற மூட்டைப்பூச்சிகளை அவ்விடத்திலேயே தங்கச் செய்கின்றன. 2015 ஆம் ஆண்டு கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூச்சிகளை ஓரிடத்தில் நிற்கச் செய்யும் பொருட்களுள் ஹிஸ்டமின் ஒன்று எனக் கண்டறிந்தனர். மனித உடலில் ஒவ்வாமையின்போது அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் இதே பொருள்தான்.

வீட்டுத் தூசியில்

மூட்டைப்பூச்சியின் கழிவில் ஹிஸ்டமின் மிகுதியாக உள்ளது. அது உலர்ந்து தூசியுடன் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2018 இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டைப்பூச்சி உள்ள வீடுகளின் தூசியில் ஹிஸ்டமின் அளவு மற்ற வீடுகளைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. வெப்பமூட்டிப் பூச்சிகளைக் கொன்று மூன்று மாதங்கள் கடந்த பின்னரும் அவ்வளவு குறிப்பிடத்தக்க வகையில் குறையவில்லை. மூட்டைப்பூச்சி மனிதரிடையே நோய் பரப்புவதாக உறுதி செய்யப்படவில்லை. ஆயினும் கடியைத் தவிர அதனால் வேறு கேடில்லை என்ற பழைய கருத்தை இத்தகைய முடிவுகள் ஐயத்துக்கு உள்ளாக்குகின்றன.

படுக்கைத் தூசியில் வாழும் தூசி உண்ணியுடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தூசி உண்ணி சிலந்தியின் உறவினம். நீளம் ஏறத்தாழ 0.3 மி.மீ. மட்டுமே. மனித உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களே அதன் உணவு. அது கடிப்பதில்லை, அதன் கழிவே ஆஸ்துமா, மூக்கொழுகல் ஆகியவற்றைத் தூண்டுகிறது. மூட்டைப்பூச்சியோ தோல் துகளைத் தின்பதே இல்லை. ஆகவே அழுக்கான வீட்டில்தான் அது வரும் என்பதற்கு அடிப்படை இல்லை. பயணப்பெட்டியிலோ பழைய கட்டிலிலோ ஏறி எந்த வீட்டுக்கும் அது வரும்.

கட்டுப்படுத்தல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்தால் பல நாடுகளில் இது பெரிதும் குறைந்தது. எனினும் 1947 இலேயே ஹவாயின் பேர்ல் துறைமுகப் படைவீடுகளில் அம்மருந்துக்கு மசியாத பூச்சிகள் காணப்பட்டன. 1990களின் இறுதியிலிருந்து வளர்ந்த நாடுகளில் இது மீண்டும் பெருகியது. இன்று பைரித்திராய்டு மருந்துகளையும் பல பூச்சிக்கூட்டங்கள் தாங்குகின்றன.

வெப்பத்தை அவற்றால் தாங்க இயலாது. 50 பாகை செல்சியசு வெப்பம் முட்டை உட்பட எல்லா நிலைகளையும் அழிக்கும். கட்டிலின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றும் பழைய வழக்கம் இதனால்தான் பயன் தந்தது. மெத்தையை வெயிலில் போடுவது அந்த அளவுக்கு உதவாது. உட்பகுதி போதிய அளவு சூடேறுவதில்லை, பூச்சிகளும் நிழற்பக்கம் நகர்ந்துவிடும். மண்ணெண்ணெய் தெளிப்பது தீ விபத்துக்கு இடமளிக்கும். துணிகளை வெந்நீரில் துவைப்பதும், மெத்தையை முழுதும் மூடும் உறையிடுவதும், மடிப்புகளில் உள்ள சட்டைகளையும் தூசியையும் உறிஞ்சு கருவியால் அகற்றி, அதன் பையை இறுகக் கட்டி வீட்டுக்கு வெளியே அப்புறப்படுத்துவதும் பயனளிக்கும்.